வேர்க்காலில் ஒரு சொட்டு

“வளர விடணும் டீச்சர்.”

“வளர விடணுமா?”

“ஆமா. நூல் போடக் கூடாது, பிடுங்கக் கூடாது, மெழுகு கிழுகுன்னு எதுவும் வேண்டாம். அது வெளிய தலைய நீட்டுனாத்தான் அதப் பிடிச்சுக்கிட்டு நான் உள்ள எறங்க முடியும்.”

“எல்லாரும் பாப்பாங்களேம்மா.”

“பாக்கட்டுமே. இல்லையா, மாஸ்க் போட்டுக்கோங்க. கொரோனா வந்துட்டுப் போனதுல நமக்குக் கெடச்ச ஒரே வசதி அதுதான்.”

...அப்படித்தான் சொன்னாள் தமிழ்நிலா, போன வாரம், இதே அறையில், சக்கரம் வைத்த ஸ்டூலை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டு, தோட்டத்தில் கீரை போட்டவள் சொல்வது மாதிரி, வளர விடணும் என்று. பிளஸ் ஒன் படித்த காலத்திலிருந்து தாடையில் முளைக்கிற எந்த முடியைக் கிளாரா ஒருத்தர் கண்ணிலும் படாமல் மறைத்து வந்தாளோ, அதை ஒரேயடியாகப் போக்க வேண்டுமென்றால் முதலில் எல்லார் கண்ணிலும் படும்படி வளர்க்க வேண்டுமாம், யார் போட்ட விதி இது, அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது, வீட்டுக்குப் போகிற வழியில் சிரிப்பும் வந்தது, இப்போது மல்லாந்து படுத்து முகத்துக்கு நேரே வளைந்து நிற்கிற விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கையில் இரண்டும் வரவில்லை, இடது கையில் ஈரத்துணி சுற்றிய உலோகத் தண்டு மட்டும் சில்லென்று கிடக்கிறது, பிடியை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள், விட்டால் மின்சுற்று மூடாது, மின்சாரம் ஓடாது... அது எனக்குத் தெரியாதா, அதைத்தானே வருஷா வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொண்டை வறளச் சொல்கிறேன். “வலிச்சா சொல்லுங்க, பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்காதீங்க. இங்க வர்றவுங்க எல்லாரும் என்னமோ தியாகி பட்டம் வாங்கப் போற மாரியே படுக்குறாங்க” என்றாள் தமிழ்நிலா. சின்னாளப்பட்டிக்காரி, பெங்களூரில் போய் மின்சாரத்தால் முடி போக்குகிற இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்தவள், சாலை ரோட்டிலிருந்து பிரிகிற இந்தத் தெருவில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை, ஒரு திரை, ஒரு படுக்கை, ஜன்னல் வழியே மலைக்கோட்டையின் ஒரு முனை. அந்த முனையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், பாறை, வெறும் பாறை, ஒரு புல் கிடையாது, கொடுத்து வைத்த பாறை.

ஊசி என்றுதான் பயந்திருந்தாள். ஆனால் அது ஊசி மாதிரி குத்தவில்லை. முடியளவே மெல்லிய கம்பி, முடி வெளியே வருகிற அந்தத் துளைக்குள்ளேயே, முடியை ஒட்டியே, வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, தோலைத் துளைக்கிற வேலையே இல்லை, ஏற்கெனவே இருக்கிற வாசல் வழியாக உள்ளே போகிறது. நெற்றியில் விளக்கும் கண்ணில் பூதக் கண்ணாடியுமாகத் தமிழ்நிலா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இறக்குகிறாள், அடியில் வேர் தட்டுகிற இடத்தில் நிறுத்துகிறாள், எப்படித் தெரியும் அந்த இடம் என்று கேட்டதற்கு, தெரியும் டீச்சர், கை சொல்லும், அதற்கு மேல் தள்ளினால் ஒரு சின்ன மறுப்பு இருக்கும், அதுதான் தரை என்றாள். பிறகு காலடியில் இருக்கிற மிதியை ஓர் அழுத்து. சுருக்கென்று ஒரு சூடு, அதற்குப் பின்னால் ஒரு மெல்லிய காந்தல், கொஞ்ச நேரம் அப்படியே, பிறகு இடுக்கியால் தொடுகிறாள், முடி வந்துவிடுகிறது, இழுக்கவே இல்லை, ஊறிய புளியிலிருந்து நார் வருகிற மாதிரி தானாக வருகிறது. இழுத்தால் தடுக்கிறது என்றால் வேர் இன்னும் சாகவில்லை என்று அர்த்தமாம், அப்போது பிடுங்கக் கூடாது, மறுபடி மிதி. எவ்வளவு பொறுமை இந்தப் பெண்ணுக்கு, ஒவ்வொரு முடியையும் ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட்டு விசாரித்து வழியனுப்பி வைக்கிற மாதிரி. “நுரை வருது பாருங்க, ஒங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுது. துளை வாயில பொடிப் பொடியா. அப்ப உள்ள வேல நடக்குதுன்னு அர்த்தம்.” ஹைட்ரஜன் என்று கிளாரா வாயைத் திறந்துவிட்டாள். “ஆடாதீங்க டீச்சர், பாடம் அப்புறம் எடுப்போம்.”

ஹைட்ரஜன்தான், வேறென்ன, மின்னாற்பகுப்புப் பாடம்தானே. உப்புக் கரைசல், இரண்டு கம்பி, ஒரு மின்கலம்... கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பாள் அந்தக் கண்ணாடித் தொட்டியை, எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் குமிழியாகக் கிளம்பும், கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு தங்கும், எழுதிக்கோங்கடி, கேள்வி வரும். இப்போது அந்தத் தொட்டி நான்தான். என் தோலுக்குள் இருக்கிற தண்ணீர், என் தோலுக்குள் இருக்கிற உப்பு, வெளியிலிருந்து ஒரு மருந்தும் வரவில்லை, எதிர்மின்வாய் அவள் கையில், நேர்மின்வாய் என் கையில், நடுவில் ஒரு முடியின் அடியில் ஊசிமுனையைவிடச் சின்னதாக ஒரு சொட்டுக் காரம் ஊறுகிறது, அது அந்த வேரை மட்டும் கரைக்கிறது, பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல். யாருக்கு முதலில் தோன்றியிருக்கும் இது, நூறு வருஷத்துக்கும் முன்னால் கண்ணில் குத்துகிற இமை முடியை எடுக்க யாரோ ஒரு வைத்தியர் செய்து பார்த்தாராம், அந்த மனிதரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். சூடு மட்டுமே வைத்து எடுக்கிற முறையும் இருக்கிறதாம், இதைவிட வேகமாம், ஆனால் அது நேராக இருக்கிற வேருக்குத்தான். “ஒங்களுக்கு நூல் போட்டுப் போட்டு வேரெல்லாம் கோணிப் போயிருக்கு. சூடு நேராத்தான் போகும். காரம் அப்படியில்ல, தண்ணி மாரி, எந்தக் கோணலுக்குள்ளயும் ஒழுகிப் போய்ச் சேந்துரும். அதான் ஒங்களுக்கு ரெண்டையும் கலந்து வைக்கிறேன்.” இத்தனை வருஷம் இந்தப் பாடத்தை நடத்தும்போது இடது கையைத் தாடையில் வைத்துக்கொண்டுதானே நடத்தினேன், வலது கையில் சாக்பீஸ், இடது கை தாடையில், பிள்ளைகள் அதைப் பார்த்து யோசனை மிஸ் என்று பெயர் வைத்தார்கள், யோசனை மிஸ் வாராங்க, பேசாம இருங்கடி என்று வராந்தாவில் கிசுகிசுப்பு கேட்கும். என்ன யோசித்தேன்... சாயங்கால வெளிச்சத்தில் எந்தப் பக்கம் திரும்பி நின்றால் தெரியாது என்று யோசித்தேன்.

காந்துகிறது. பொறுத்துக்கொள்ள முடிகிற காந்தல்தான், ஆனால் தெரிந்த காந்தல், இந்தக் குணம் எனக்குத் தெரியும், சூட்டின் குணம் இல்லை இது, காரத்தின் குணம், பதினாறு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகாமல் வயிற்றுவலி என்று வீட்டில் தங்கியது... அப்பா அந்தோணிமுத்துவுக்குத் தோல் ஷாப்பில் வேலை, ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்து முடி களைகிற வேலை, சோறு தின்னும்போது அதைத்தான் பேசுவார், சுண்ணாம்புத் தண்ணிக்குள்ள கெடந்துச்சுன்னா மயிரு தானா களண்டுக்கிரும், மொண்ணைக் கத்திய வச்சு ஒரு தள்ளு தள்ளுனாப் போதும், தோலு பொறந்த பிள்ள மாரி ஆயிரும் என்பார். அம்மா முகத்தைச் சுளிப்பாள். கிளாரா மட்டும் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டே இருப்பாள், பொறந்த பிள்ள மாரி, பொறந்த பிள்ள மாரி. பள்ளிக்கூடத்தில் சோதனைக்கு அந்தச் சுண்ணாம்பு வேண்டும் என்று சொன்னபோது மகள் தன் வேலையைப் பற்றிக் கேட்கிறாள் என்று அப்பாவுக்கு எவ்வளவு பெருமை, பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார், தண்ணீரில் குழைத்துத் தாடை முழுக்க அப்பிக்கொண்டு கண்ணாடிக்கு முன் உட்கார்ந்தாள், வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்காவது இப்படிப் புத்தி போயிருக்குமா, தோல் பதனிடுகிறவன் மகளுக்குத்தான் போகும். முதலில் குளிர்ச்சி, பிறகு இதே காந்தல், பிறகு காந்தல் இல்லை, நெருப்பு. பூசை முடிந்து முதலில் வந்தவர் அப்பாதான், டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அடிபம்புக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு கையால் அடித்து ஒரு கையால் முகத்தில் தண்ணீரை விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார், அவர் சட்டை, வேட்டி, எல்லாம் நனைந்து... கஞ்சி கொட்டிருச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவரே சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாக, “அது செத்த தோலுக்கும்மா. ஒன்னோடது உசுருள்ள தோலு” என்றார். அதற்குப் பிறகு சோற்றுக்கு முன்னால் அவர் தோல் ஷாப்பைப் பற்றிப் பேசியதே இல்லை. இன்றைக்கு அவர் இருந்திருந்தால் சொல்லலாம், அப்பா, பொருள் தப்பில்லப்பா, நீங்க கொண்டுவந்தது சரியான பொருள்தான், காரம்தான் வேண்டும், அளவுதான் தெரியாமல் போயிற்று எனக்கு, இந்தப் பெண் அதையே ஒரு சொட்டாகச் சுருக்கி, போக வேண்டிய வாசலுக்குள் மட்டும் விட்டு... உசுருள்ள தோலுக்கும் வழி இருக்குப்பா.

“செத்த இருங்க, பஞ்சு தீந்துருச்சு” என்று தமிழ்நிலா திரையை விலக்கிக்கொண்டு போனாள். கண்ணை மூடினால் கீழே தெருவில் வண்டிச் சத்தம், வீட்டுக்காரர் ஆல்வின் கீழேதான் நிற்கிறார், மருந்துக்கடை நிழலில், தோல் டாக்டரிடம் அலர்ஜிக்குக் காட்டப் போகிறேன் என்று சொன்னதும் சனிக்கிழமை தன் குழாய்க் கடையை வேலைக்காரப் பையனிடம் விட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தவர், என்ன அலர்ஜி என்று கேட்கவில்லை, வீட்டுக்குள் எதற்கு மாஸ்க் என்றும் கேட்கவில்லை, சாப்பிடும்போதுகூட அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனால், வெஞ்சனம் போதுமா என்று அங்கிருந்தே கேட்பார். திரைக்கு வெளியே தமிழ்நிலா இருமினாள். வேண்டுமென்றே இருமுகிற இருமல், உள்ளே வாரேன் என்று சொல்கிற இருமல், ஒரு நொடி விட்டு, பிறகுதான் திரை விலகியது... கிளாரா கண்ணைத் திறந்தாள். இந்த இருமல். விடியற்காலையில் அவள் குளியலறைக் கண்ணாடிக்கு முன் ரேசரோடு நிற்கும்போது படுக்கையறையிலிருந்து வருகிற இருமல், பிறகு செருப்பைத் தரையில் தட்டுகிற சத்தம், பிறகு கொஞ்சம் சும்மா இருப்பார், அவள் ரேசரை ஷாம்பு பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வர அந்த நேரம் சரியாக இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். பாவம், காலைச் சளி என்றுதானே நினைத்தாள், தூதுவளை ரசம் வைத்துக் கொடுத்தாளே, அதையும் வாய் பேசாமல் குடித்தாரே. பகலில் அந்த மனுஷன் இருமி யார் கேட்டிருக்கிறார்கள்?

“என்ன டீச்சர், கண்ணுல தண்ணி. வலிக்குதா?” இல்லை என்று தலையை ஆட்டப் போய், ஆடக் கூடாது என்று நினைவு வந்து, இல்லம்மா என்றாள். அப்படியானால் அந்தப் பல்பு... தாடைக்கு அடியில், கழுத்தும் தாடையும் சேருகிற இடத்தில் வெட்டிக்கொண்டு, துண்டில் ரத்தம் பட்டு, துண்டை அவள் ஊறப்போட்ட மறுநாள் குளியலறையில் புது எல்.ஈ.டி. பல்பு எரிந்தது, பழசு மங்கிருச்சு, இது கரண்டும் மிச்சம் என்றார், பல்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அவளைப் பார்க்கவில்லை. பாப்பா ஒருநாள் முத்தம் வாங்கிக்கொண்டு, “குத்துதும்மா, அப்பா மாரியே” என்றபோது கிளாராவுக்கு உயிரே நின்றுவிட்டது, ஆல்வின் பேப்பரை மடக்காமலேயே, “இப்பத்தான் ஒங்கம்மாவுக்கு நான் ஒன்னு குடுத்தேன், அது ஒட்டிக்கிச்சு” என்றார், பாப்பா சீ என்று ஓடியது, அவளும் சிரித்தாள், தப்பித்தோம் என்று சிரித்தாள், அவர் தப்பிக்க வைத்தார் என்று அன்றைக்குத் தெரியவில்லையே. தெரிந்திருக்கிறது இந்த மனுஷனுக்கு. எல்லாம் தெரிந்து, இருமி, பல்பு மாட்டி, பழியைத் தன் தாடியில் போட்டுக்கொண்டு... கல்யாணமான புதிதில் தன் தாடையைத் தொட வந்த அவர் கையை ஒருமுறை தட்டிவிட்டாள், ஒருமுறைதான், அதற்குப் பிறகு அந்தக் கை நெற்றிக்கு வரும், தோளுக்கு வரும், தாடைக்கு வந்ததே இல்லை. இப்படி ஒருத்தர் இருப்பாரா. ஆனால் ஒவ்வொரு விடியலிலும் அந்தத் தாடை அடியில் கண்ணாடிக்குத் தெரியாத இடத்தில் ரேசர் தடுமாறும்போது ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வரும், செத்த இங்க வாங்களேன், அடியில எனக்குத் தெரியல... வந்து, பல்லில் இடித்துத் திரும்பிப் போகும். அவர் அந்தப் பக்கம் இருமிக்கொண்டு, நான் இந்தப் பக்கம் ஒளித்துக்கொண்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதவு. யாருக்காக யார் மறைத்தோம்?

“இன்னைக்கு இம்புட்டுத்தான்” என்று தமிழ்நிலா விளக்கைத் தள்ளினாள். கண்ணாடியைக் கொடுத்தாள். இடது பாதி முடியில்லாமல் இருக்கிறது, சிவந்து, பொரிப் பொரியாகத் தடித்து, அப்பாவின் அடிபம்பு மிச்சம் வைத்த அந்தப் பழைய சுண்ணாம்புத் தழும்பும் சேர்ந்து. வலது பாதி அப்படியே கறுத்து நிற்கிறது. ஒரே முகத்தில் இரண்டு பேர். ஐஸ் ஒற்றிக்கொள்ள வேண்டுமாம், மஞ்சள் பக்கமே போகக் கூடாது, வெயில் படக் கூடாது, சின்னச் சின்னப் பொருக்கு கட்டும், கிள்ளக் கூடாது. முடிகளில் வெளியே நிற்கிறவர்கள்தான் இப்போது போனார்கள், உள்ளே தூங்குகிறவர்கள் இனிமேல்தான் எழுந்து வருவார்கள், வர வர எடுக்க வேண்டும், வருஷம் ஆகும், அதற்கு மேலும் ஆகலாம், ஆனால் போனது போனதுதான், அந்த வேரில் மறுபடி வராது. “மிச்சம் நிக்கிறத ரேசரால வழிக்காதீங்க, பொரிஞ்ச எடத்துல கத்தி பட்டாப் புண்ணாயிரும். சின்னக் கத்திரி வச்சு ஒட்ட வெட்டிக்கிட்டே இருங்க. தாடைக்கு அடியில ஒங்களுக்குக் கண்ணு எட்டாது, தடவித் தடவி வெட்டாதீங்க. வீட்டுல யாராவது வெட்டி விடுவாங்கள்ல?” கிளாராவின் கை தானாகப் பையிலிருந்து மாஸ்க்கை எடுத்தது. “அது வேண்டாம் டீச்சர், உரசும். ரெண்டு நாளைக்குக் காத்தாட விடுங்க.” மாஸ்க்கை எடுத்த கை அந்தரத்தில் நின்றது, கீழே அவர் நிற்கிறாரே என்று சொல்லப் பார்த்தாள், இதை யாரிடம் சொல்ல, இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வாசல் இருக்கிற இடத்தில் இறங்க வேண்டும், மறுக்கிற இடத்தில் நிற்க வேண்டும், கொஞ்சமாகச் சுட வேண்டும், கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும்... அதுவே பெரிய படிப்புதான்.

படியில் இறங்கும்போது காற்று தாடையில் பட்டது, எத்தனை நாளாயிற்று காற்று பட்டு. கீழே ஆல்வின் வண்டியில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார், சொட்டுநீர்க் குழாய் வாங்கிய யாரோ ஆத்தூர் விவசாயி, “அடைச்சிருக்கும் அப்பு, கடைசி மூடியக் களட்டித் தண்ணியத் தொறந்து விடு. எல்லாச் செடிக்கும் ஒரே சொட்டுத்தான் போகும், நீ பதறாத”... இதை அவருக்குச் சொல்லிப் புரிய வைக்க ரொம்ப நேரம் ஆகாது என்று கிளாரா நினைத்தாள், உங்க குழாய் மாதிரிதாங்க, ஒவ்வொரு வேருக்கும் ஒரு சொட்டு, அவருடையது வளர்க்கிற சொட்டு, இது வேறு சொட்டு, அவ்வளவுதான். அவர் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பார்த்துவிட்டார். இடது பக்கம், வலது பக்கம், எல்லாம். ஒரு கணம்தான், உடனே கண்ணை எடுத்துத் தெருவைப் பார்த்தார், எதிர்வரிசைப் பிரியாணிக் கடைப் பலகையை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தார், அவளுடைய ஹெல்மெட்டை எடுத்தவர் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். “வாரு தாடையில ஒரசுமே. வண்டி கெடக்கட்டும், நிழலாப் போற மாரி ஆட்டோவுல போயிருவோம்.” ஹெல்மெட்டைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு ஒருமுறை இருமினார்.

அந்த இருமல். வெளியே வர அவகாசம் கொடுக்கிற இருமல், நான் பார்க்கவில்லை, நீ முடித்துக்கொள் என்கிற இருமல், இவ்வளவு அன்பை ஒரு மனுஷன் இருமலுக்குள் வைக்க முடியுமா, இத்தனை காலம் அவள் தனியாக நின்றதும் இந்த அன்புக்கு இந்தப் பக்கம்தானே, அந்தக் கதவை அவர் திறக்க மாட்டார், அவர் மரியாதை அப்படி, ஒருமுறை தட்டிவிட்ட கை அது. தாழ்ப்பாள் என் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது, இருந்திருக்கிறதா? ஆட்டோ ஒன்று மெதுவாகி, இவர்களைப் பார்த்து நின்றது, அவர் கையைத் தூக்கப் போனார், கிளாரா அந்தக் கையைப் பிடித்தாள், பட்டப்பகலில், மருந்துக்கடை வாசலில், வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தது, பல்லில் இடித்தது, இந்த முறை திரும்பிப் போகவில்லை.

“என்னங்க... இங்க பாருங்க. அடியில எனக்குத் தெரியல. ஒரு சின்னக் கத்திரி வாங்கிட்டுப் போவோம், நீங்க வெட்டி விடுறீங்களா?”